பிடிக்கவும் விடவும் தெரிந்த கரி

தி.நகர் பாண்டி பஜாரில் பகல் 2 மணி வெயிலில் நிறுத்திவைத்த ஸ்கூட்டரின் பெட்ரோல் டேங்க் சும்மா இருப்பதில்லை. உள்ளே பெட்ரோலில் கலந்திருக்கும் லேசான பொருள்கள், குறிப்பாக பியூட்டேனும் பென்டேனும், சூட்டில் ஆவியாகி மேலே சேரும். டேங்கில் அழுத்தம் ஏறும். பழைய வண்டிகளில் அந்த ஆவி மூடியின் சின்னத் துளை வழியாக நேரே தெருவுக்கு வந்துவிடும். சாவியைத் திருகாமல், ஓர் அடிகூட நகராமல் வண்டி காற்றைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிகள் புகைக்குழாயோடு இந்த ஆவிக்கும் வரம்பு கட்டின. வண்டியை மூடிய அறைக்குள் நிறுத்தி, டேங்கை மெல்லச் சூடாக்கி, எவ்வளவு ஆவி கசிகிறது என்று அளப்பார்கள். அந்தச் சோதனையில் தேறுவதற்காகவே வண்டியின் உடம்புக்குள் ஒரு கருப்பு பிளாஸ்டிக் டப்பா உட்கார்ந்திருக்கிறது. மெக்கானிக்குகள் கேனிஸ்டர் என்பார்கள். அதில் மூன்று குழாய்கள். ஒன்று டேங்கிலிருந்து வருகிறது, ஒன்று இன்ஜினுக்குப் போகிறது, மூன்றாவது வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது. டப்பாவுக்குள் இருப்பது கரி. சிறு குச்சிகளாக அழுத்திச் செய்த, கிளர்வூட்டிய கரி.

வண்டி நிற்கும்போது டேங்கின் ஆவி கரிக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிடும். வெளியே வருவது வெறும் காற்று. வண்டி ஓடும்போது இன்ஜினின் இழுப்பு வெளிக்காற்றைக் கரி வழியாக உறிஞ்சும். தங்கியிருந்த ஆவி அந்தக் காற்றோடு கிளம்பி இன்ஜினுக்குள் போய் எரிந்துவிடும். கரி மறுபடி காலி. அடுத்த மதியத்துக்குத் தயார்.

தமிழ்நாடு கொட்டாங்குச்சிக் கரிக்குப் பேர்போன மாநிலம். உலகச் சந்தையில் கொட்டாங்குச்சிக் கரிக்கு முதல்தர மரியாதை உண்டு. ஆனால் இந்த டப்பாவுக்கு அது சரிப்படாது. மரத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் செய்த கரிதான் இங்கே எடுபடும். உயர்தரம் என்று பேர் வாங்கிய கரி ஏன் ஒரு ஸ்கூட்டருக்குப் பொருந்தவில்லை? விடை தெரிந்தால், காற்றிலுள்ள கரிம மாசைப் பிடிக்க விஞ்ஞானிகள் கரியை ஏன் இத்தனை விதமாக மாற்றிப் பார்க்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

ஒரு கிராமில் நாலரை கிரவுண்டு

காங்கேயம், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வட்டாரங்களில் கொப்பரை எடுத்தபின் மிஞ்சும் கொட்டாங்குச்சியைத் தேங்காய்த் தொட்டி என்பார்கள். அதைக் குழியிலோ உலையிலோ போட்டு, காற்று போதாத நிலையில் எரித்தால் தொட்டிக்கரி கிடைக்கும். சுமார் மூன்று டன் தொட்டிக்கு ஒரு டன் கரி. இது அடுப்புக்கு ஆகும். மாசைப் பிடிக்க இன்னும் ஆகாது. துளைகள் உண்டு, ஆனால் தாரால் அடைபட்டிருக்கும்.

இரண்டாம் கட்டத்தில் இந்தக் கரி சுழலும் உலைக்குள் போகிறது. 850 முதல் 950 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி நீராவியைச் செலுத்துவார்கள்; கிளர்வூட்டுவது என்பது இதைத்தான். அந்தச் சூட்டில் நீராவி கரியைத் தின்னத் தொடங்கும். ஒரு கார்பன் அணுவும் ஒரு நீர் மூலக்கூறும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேறும். முதலில் அடைப்புகள் போகும், பிறகு சுவர்களும் கரையும். பாதிக்கும் மேல் எரிந்துபோன பிறகு மிஞ்சுவது, துளைகளும் அவற்றுக்கு இடையே மெல்லிய கார்பன் சுவர்களும்தான்.

நல்ல கொட்டாங்குச்சிக் கரியில் ஒரு கிராமின் உட்பரப்பு சுமார் 1,000 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது 223 சதுர மீட்டர். ஆக, ஒரு சிட்டிகைக் கரிக்குள் நாலரை கிரவுண்டு இருக்கிறது. மயிலாப்பூர் மாட வீதியில் அவ்வளவு மனை யார் கைக்கும் எட்டாது.

ஆனால் மனையின் பரப்பை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. துளை எத்தனை அகலம் என்பதே கரியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. 2 நானோமீட்டருக்குக் குறைவானவை நுண்துளைகள். 2 முதல் 50 வரை இடைத்துளைகள். அதற்கு மேல் பெருந்துளைகள். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் மூலக்கூறின் குறுக்களவு ஏறத்தாழ 0.6 நானோமீட்டர். ஒரு நானோமீட்டருக்கும் குறைவான துளைக்குள் அது நுழைந்தால் இரு பக்கச் சுவர்களும் ஒரே நேரத்தில் அதை இழுக்கும். இந்த இழுப்புக்கு வேதிப் பிணைப்பு எதுவும் தேவையில்லை. எல்லா மூலக்கூறுகளுக்கும் இடையே இருக்கும் பலவீனமான வாண்டர் வால்ஸ் விசைதான். ஒரு சுவர் மட்டும் இருந்தால் மூலக்கூறு நழுவிவிடும். இருபுறமும் சுவர் நெருங்கியிருந்தால் நழுவ வழியில்லை. மூலக்கூறு அங்கேயே தங்குவதைத்தான் பரப்புக் கவர்தல் என்கிறோம்.

கொட்டாங்குச்சி அடர்த்தியானது, லிக்னின் மிகுந்தது. அதன் கரியில் பெரும்பாலும் நுண்துளைகளே. அதனால் காற்றில் மிகச் சொற்பமாக இருக்கும் பென்சீனைக்கூட அது பிடித்துவிடும். பிடித்ததை எளிதில் விடாது. ஸ்கூட்டரின் டப்பாவில் அதுவே கோளாறு. இன்ஜின் இழுக்கும் சாதாரணக் காற்றுக்கு நுண்துளையில் மாட்டிய ஆவியைக் கிளப்பும் வலு கிடையாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மிச்சம் தங்கும். சில வாரத்தில் டப்பா நிரம்பிவிடும். பிறகு கரி இருந்தும் இல்லாததுபோலத்தான்.

மரத்தூளைப் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சூடாக்கினால் கதை வேறு. அமிலம் செல்லுலோஸ் இழைகளுக்கு இடையே புகுந்து பாஸ்பேட் பாலங்களைக் கட்டுகிறது. சூட்டில் மரம் சுருங்க முயலும்போது அந்தப் பாலங்கள் தடுக்கின்றன. கடைசியில் அமிலத்தைக் கழுவி எடுத்தால், அது நின்ற இடமெல்லாம் துளை. பல துளைகள் 2 முதல் 5 நானோமீட்டர் அகலம். இவை நிறுத்திய வண்டியின் செறிவான ஆவியைப் பிடிக்கப் போதும். ஓடும் வண்டியின் காற்று வந்து கேட்டால் விட்டுக்கொடுக்கவும் செய்யும். தொழிற்சாலையில் இந்தக் கரியை மதிப்பிடுவதும் இப்படித்தான். எவ்வளவு பியூட்டேன் பிடித்தது என்பதோடு, காற்று ஊதியபோது எவ்வளவு திருப்பித் தந்தது என்றும் பார்த்து மார்க் போடுவார்கள்.

கரியை மாற்றியமைக்கும் வேலை இங்கேதான் தொடங்குகிறது. எந்த ஆவி, எந்தக் காற்றில், பிடித்தபின் அதை என்ன செய்யப்போகிறோம்? மூன்றுக்கும் பதில் தெரியாமல் நல்ல கரி, மட்டமான கரி என்று சொல்லவே முடியாது.

வீட்டுக்குள் வரும் விருந்தாளிகள்

எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் என்ற நீண்ட பெயரைச் சுருக்கி வி.ஓ.சி. என்பார்கள். தெருவில் பெட்ரோல் ஆவி முதலிடம். இந்தியப் பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது ஐயத்துக்கு இடமில்லாமல் நிறுவப்பட்டது. 2009 நவம்பரில் வெளியான தேசியக் காற்றுத் தர அளவைகளின்படி அதன் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். ஆலந்தூர், வேளச்சேரி, மணலியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி நிலையங்கள் காற்றை அளந்துகொண்டிருக்கின்றன.

வீட்டுக்குள் பட்டியல் இன்னும் நீளும். மயிலாப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். பூஜை அறையில் ஊதுபத்தி; அதன் புகையில் நறுமணப் பொருள்களோடு பென்சீன், டொலுயீன், ஃபார்மால்டிஹைடு எல்லாம் வரும். தட்டில் வைத்த கற்பூரம் ஏற்றாமலே கரைந்துபோகும். அதுவும் ஒரு வி.ஓ.சி. தான். பட்டுப் புடவை பீரோவில் பாச்சை உருண்டை, பெரும்பாலும் நாஃப்தலீன். சுவரில் புது பெயின்ட், கதவில் வார்னிஷ். சமையலறையில் பிளைவுட்டால் செய்த மாடுலர் அலமாரி. பிளைவுட் தகடுகளை ஒட்டும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையிலிருந்து மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், ஃபார்மால்டிஹைடு கசிந்துகொண்டே இருக்கும். ஏ.சி. போட்டு ஜன்னலை மூடிவிட்டால் இவை எல்லாம் உள்ளேயே சுற்றும்.

கரியின் பார்வையில் இவர்கள் எல்லாரும் ஒன்றல்ல. பொதுவாகக் கொதிநிலை உயர்ந்த பொருள் கரியில் நன்றாகத் தங்கும். நாஃப்தலீனின் கொதிநிலை 218 டிகிரி, சிரமமே இல்லை. டொலுயீன் 111, பென்சீன் 80, பரவாயில்லை. ஃபார்மால்டிஹைடு மைனஸ் 19. அறைச் சூட்டில் அது வாயு. மூலக்கூறும் சிறியது, முனைவுத்தன்மை உடையது. நீரோடு நன்றாகப் பழகும், கார்பன் சுவரோடு ஒட்டாது. சாதாரணக் கரியின் முன்னால் அது ஏறக்குறைய சுதந்திரமாகக் கடந்து போகும்.

போர் சேர்த்த உலோகம்

கரி வாயுக்களைப் பிடிக்கும் என்பதை ஷீலே என்ற சுவீடன் வேதியியலாளர் 1773லேயே கவனித்தார். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஸ்டென்ஹவுஸ் 1854ல் கரி நிரப்பிய சுவாசக் கவசம் ஒன்றைச் செய்து காட்டினார். அவர் அதோடு நிற்கவில்லை. கரித்துளைகளில் நுண்ணிய பிளாட்டினத்தைப் படியவைத்து, உள்ளே வரும் வாயுவைக் காற்றின் ஆக்ஸிஜனோடு சேர்த்து எரியவைக்க முடியும் என்றும் காட்டினார். பிடித்து வைப்பதோடு பிடித்ததை அழிக்கவும் கரியைப் பழக்கலாம் என்ற எண்ணத்துக்கு இவ்வளவு வயது.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே ஜெர்மன் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டது. அதே ஆண்டு ரஷ்யாவில் நிகோலாய் ஜெலின்ஸ்கி கிளர்வூட்டிய கரியை வைத்து முகக்கவசம் அமைத்தார். முதல் உலகப்போரின் கடைசி ஆண்டில் அமெரிக்கா முகக்கவசங்களுக்காகப் பழக்கொட்டைகளையும் கொட்டாங்குச்சியையும் தேடித் திரட்டியது. பீச் பழக்கொட்டை சேர்த்துத் தரச்சொல்லி மக்களிடம் கேட்டார்கள். கொட்டாங்குச்சியின் உலகப் புகழ் அப்போதுதான் நிலைபெற்றது. நம் பக்கத்தில் அதன் தொழில் வளர்ச்சிக்கு ஓர் உதாரணம் இலங்கை. அங்கே ஹேகார்ப் நிறுவனம் 1973ல் தொடங்கி கொட்டாங்குச்சிக் கரியை உலகெங்கும் அனுப்புகிறது.

ஆனால் ஹைட்ரஜன் சயனைடு, சயனோஜன் குளோரைடு போன்ற சிறிய, லேசான நச்சு வாயுக்களை வெறும் கரியால் தடுக்க முடியவில்லை. ஃபார்மால்டிஹைடு விஷயத்தில் நாம் பார்த்த அதே சிக்கல். தீர்வு, துளைச் சுவரில் உலோகங்களைப் படியவைப்பது. செம்பு சேர்த்த கரிக்கு, அதை உருவாக்கிய வெட்செல், ஃபுல்லர் இருவரின் பெயரையும் இணைத்து வெட்லரைட் என்று பெயரிட்டார்கள். இரண்டாம் உலகப்போரில் படைகளின் கவசங்களுக்குள் இருந்தது, வெள்ளியும் குரோமியமும் கூடச் சேர்த்த அதன் மேம்பட்ட வடிவம். அதிலிருந்த ஆறு இணைதிறன் குரோமியம் தானே புற்றுநோய்க் காரணி என்பதால், பிற்காலத்தில் துத்தநாகமும் மாலிப்டினமும் அந்த இடத்துக்கு வந்தன. இதே வழியில் அணுமின் நிலையங்களின் காற்றோட்ட வடிகட்டிகளிலும் பொட்டாசியம் அயோடைடோ அமீன் வகைப் பொருளோ பூசிய கொட்டாங்குச்சிக் கரியைப் பயன்படுத்துகிறார்கள். கதிரியக்க அயோடின் சேர்ந்த ஆவியைச் சாதாரணக் கரி தவறவிடலாம். பூசிய கரி வேதிவினையால் பிடித்துக்கொள்ளும்.

சென்னைக் காற்றின் ஈரம்

பெரும்பாலான ஆய்வகச் சோதனைகளில் கரிக்குள் உலர்ந்த காற்றைச் செலுத்துவார்கள். அடையாறில் அப்படிக் காற்று கிடையாது. கடல் பக்கத்தில், முகத்துவாரம் பக்கத்தில், ஆண்டின் பெரும்பகுதி ஒப்பு ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல். மழைக்கால இரவுகளில் 90ஐத் தொடும்.

சுத்தமான கார்பன் சுவருக்கு நீர் பிடிக்காது. ஆனால் கரியின் சுவர் எங்குமே முழுச் சுத்தமில்லை. அடுக்குகளின் ஓரங்களில் ஆக்ஸிஜன் அணுக்கள் கார்பாக்சில், ஃபீனால் போன்ற தொகுதிகளாக ஒட்டியிருக்கும். காற்றில் வரும் முதல் நீர் மூலக்கூறு அங்கே போய் அமரும். அடுத்தது முதலாவதைப் பிடித்துக்கொள்ளும். இப்படிச் சிறு கொத்துகள் வளர்ந்து, ஈரப்பதம் 50, 60 விழுக்காட்டைத் தாண்டும்போது ஒன்றோடொன்று சேர்ந்து துளைகளையே நிரப்பிவிடும். ஈரமான நாளில் கொட்டாங்குச்சிக் கரி தன் எடையில் கால் பங்குக்கு மேல் தண்ணீரைக் குடித்திருக்கும். அந்த நேரத்தில் பென்சீன் வந்தால் இடமில்லை.

இதற்கு ஒரு வைத்தியம் கரியை ஆக்ஸிஜன் இல்லாத சூழலில் மீண்டும் 900 டிகிரிக்குச் சூடாக்குவது. நைட்ரஜனோ ஹைட்ரஜனோ ஓடும் உலையில் ஆக்ஸிஜன் தொகுதிகள் கார்பன் டை ஆக்சைடாகவும் மோனாக்சைடாகவும் உதிர்ந்துவிடும். நீர் அமர இடம் குறையும். பென்சீன், டொலுயீன் போன்ற வளைய மூலக்கூறுகளுக்கோ கூடுதல் லாபம்: ஓரத்து ஆக்ஸிஜன், கார்பன் அடுக்கிலுள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தது. அது போனதும் அடுக்கும் வளையமும் நெருங்கிப் படிய முடிகிறது. இன்னொரு வழி, நீரை விலக்கும் சிலிக்கோன் படலத்தை மெல்லியதாகப் பூசுவது. பூச்சு கொஞ்சம் தடித்தாலும் துளைவாய் அடைபடும் என்பதால் இதில் கைப்பக்குவம் வேண்டும்.

நைட்ரிக் அமிலத்தால் கரியைக் கழுவினால் நேர் எதிர்ப்பக்கம் போவோம். ஆக்ஸிஜன் தொகுதிகள் பெருகும். அம்மோனியாவைப் பிடிக்க அது உத்தமம். மயிலாப்பூர் வீட்டில் பென்சீனைப் பிடிக்க அது பாழ். ஒரே கரி, ஒரே உலை. ஓர் ஆவிக்கு மருந்து, இன்னொன்றுக்கு இடைஞ்சல்.

இன்னும் பெரிய பரப்பு வேண்டும் என்பவர்கள் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கரியோடு கலந்து 700, 800 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். காரம் கார்பனை அரிக்கிறது. உருவாகும் பொட்டாசியம் உலோக ஆவி அடுக்குகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குகிறது. கழுவி எடுத்தால் ஒரு கிராமுக்கு 3,000 சதுர மீட்டர்வரை போகும். ஆய்வுக் கட்டுரைகளில் இது பிரமாதமான எண். ஆனால் கரியின் எடையைப் போல் மூன்று, நான்கு மடங்கு காரம் வேண்டும்; உலை அரிக்கும்; கழுவிய நீரைச் சுத்திகரிக்க வேண்டும். சந்தையில் இதன் விலை கொட்டாங்குச்சிக் கரியோடு போட்டி போட முடியாது.

பிளைவுட்டுக்குத் தனி ஏற்பாடு

ஃபார்மால்டிஹைடுக்கு வருவோம். வீட்டுக்குள் அது எந்த 30 நிமிடச் சராசரியிலும் ஒரு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2010 வழிகாட்டி. கரியின் பலவீன இழுப்பு இங்கே உதவாது. வேதிவினை வேண்டும்.

ஒரு வழி நைட்ரஜன். கரியை அம்மோனியா ஓட்டத்திலோ, யூரியா, மெலமைன் போன்றவற்றோடு கலந்தோ சூடாக்கினால் நைட்ரஜன் அணுக்கள் கார்பன் வலைக்குள்ளேயே இடம் பிடிக்கும். முனைவுத்தன்மை உள்ள மூலக்கூறுகளை அவை இழுத்துக்கொள்ளும். சூடாக்காமல் அமீன் பொருளைத் துளைகளில் ஊறவைத்தும் செய்யலாம். அமீனும் ஆல்டிஹைடும் சந்தித்தால் ஒரு நீர் மூலக்கூறை வெளியேற்றிவிட்டு இமீன் என்ற சேர்மமாகக் கைகோர்க்கும். பிடி உறுதி. ஆனால் அமீன் இருந்த இடமெல்லாம் தீர்ந்ததும் கரி ஓய்ந்துவிடும்.

மற்றொரு வழி மாங்கனீசு. கரியைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலில் ஊறவைத்தால் துளைச் சுவரில் மாங்கனீசு டை ஆக்சைடு படியும். அதன் மேல் வந்து அமரும் ஃபார்மால்டிஹைடு, அறைச் சூட்டிலேயே மெதுவாக ஆக்ஸிஜனேற்றம் அடைந்து கார்பன் டை ஆக்சைடும் நீருமாகப் பிரியும். ஸ்டென்ஹவுஸ் பிளாட்டினத்தை வைத்துச் செய்ததன் மலிவுப் பதிப்பு இது.

இவற்றை நம் வீட்டுக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ஒரு புது அலமாரி மணிக்கு 1 மில்லிகிராம் ஃபார்மால்டிஹைடு கசியவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 24, ஒரு மாதத்துக்கு 720 மில்லிகிராம். காற்றுச் சுத்திகரிப்பானில் 200 கிராம் சாதாரணக் கரி இருக்கிறது. வீட்டுக்காற்றின் சொற்ப அடர்த்தியில் ஒரு கிராம் கரி தாராளமாக 1 மில்லிகிராம் பிடிக்கிறது என்றே கொள்வோம். மொத்தம் 200 மில்லிகிராம். எட்டு நாளில் நிரம்பிவிடும். பல கருவிகளில் ஒரு மெல்லிய கருந்தாள் மட்டுமே இருக்கும். அதற்கு எட்டு நாள்கூடத் தேவையில்லை. ஹெப்பா வடிகட்டி தூசியைத்தான் பிடிக்கும். வாயு மூலக்கூறு அதன் வழியே தாராளமாகப் போகும். சுத்திகரிப்பான் ஓடினாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்வதற்கு இதுவே காரணம்.

ஆய்வுக் கட்டுரை எண்களையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் பத்து லட்சத்தில் சில நூறு பங்கு என்ற அடர்த்தியில் டொலுயீனை ஊதி, ஒரு கிராம் கரி இத்தனை நூறு மில்லிகிராம் பிடித்தது என்பார்கள். வீட்டில் இருப்பது நூறு கோடியில் சில பங்கு. அடர்த்தி குறையக் குறையக் கரி பிடிக்கும் அளவும் விழுந்துவிடும். மேலும், வீட்டில் ஆவிகள் தனித்தனியாக வருவதில்லை. முதலில் வந்த லேசான ஆவி இடம் பிடித்திருக்கும். பின்னால் வரும் கனமான ஆவி அதைத் தள்ளிவிட்டு அமரும். தள்ளப்பட்டது மொத்தமாக வெளியேறும்போது, வடிகட்டிக்கு முன்னால் இருந்ததைவிடப் பின்னால் அதன் அடர்த்தி கூடுதலாக இருக்கும். நாள்பட்ட வடிகட்டியை ஆன் செய்ததும் பழைய சாம்பிராணி வாசமும் தாளிப்பு வாசமும் கலந்து அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடையாறில் உமி

விட்டுவிடத் தெரிந்த கரிக்கு அகலமான துளை வேண்டும் என்று பார்த்தோம். அதைக் கொட்டாங்குச்சிக்கு வெளியே தேடியவர்களில் அடையாறுக்காரர்களும் உண்டு. 1948ல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் உமியை எடுத்துக்கொண்டார்கள். ஜான் கென்னடி, ஜூடித் விஜயா, சேகரன் ஆகியோர் 2004ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு கட்டம்: முதலில் உமியைக் கரியாக்குவது, பிறகு பாஸ்பாரிக் அமிலத்தோடு சேர்த்து உயர்சூட்டில் கிளர்வூட்டுவது. உமிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. எரித்தால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. ஆகவே கிடைப்பது வெறும் கார்பன் அல்ல, கார்பனும் சிலிக்காவும் பின்னிய கலவை. அதில் இடைத்துளைகள் மிகுதி. தோல் தொழிற்சாலைக் கழிவுநீரில் கரைந்த கரிமப் பொருள்கள் பெரியவை. அவற்றுக்கு நுண்துளை போதாது. இந்தக் கரியில் பாக்டீரியாக்களைக் குடியேற்றி, பிடித்த பொருளை அங்கேயே சிதைக்கும் ஆய்வையும் அதே நிலையம் நடத்தியது.

சர்தார் பட்டேல் சாலையில் சற்றுத் தள்ளி ஐ.ஐ.டி. மெட்ராஸ். அங்கே ரெனே, மூர்த்தி, சுவாமிநாதன் ஆகியோர் டொலுயீன் ஆவியை மட்கு உரம் நிரப்பிய குழாய் வழியாகச் செலுத்தி, நுண்ணுயிர்களைத் தின்னவைத்த ஆய்வு 2005ல் வெளியானது. நுண்ணுயிர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. தொழிற்சாலையில் பெயின்ட் அடிக்கும் நேரத்தில் ஆவி குபீரென்று வரும், சாப்பாட்டு வேளையில் நின்றுவிடும். இந்த ஏற்ற இறக்கம் அவற்றுக்கு ஒத்துவராது. இங்கே கரி கைகொடுக்கும். உயிரி வடிகட்டியோடு கரியைச் சேர்த்தால், அதிகம் வரும்போது கரி பிடித்து வைக்கும், குறையும்போது மெல்ல விடும். இரண்டு ஆய்வுகளின் பாதைகளும் வந்து சேரும் இடம் இதுதான். கரி கிடங்கு மட்டுமே. பிடிபட்ட ஆவிக்குக் கடைசியில் ஓர் இன்ஜினோ, வினையூக்கியோ, பாக்டீரியாவோ தேவை.

அது இல்லாவிட்டால் ஆபத்தும் உண்டு. கீட்டோன் வகைக் கரைப்பான்களைப் பிடிக்கும் பெரிய கரிப் படுகைகள் சில தொழிற்சாலைகளில் தானே தீப்பற்றியிருக்கின்றன. கவரும்போது வெளிப்படும் வெப்பமும், துளைக்குள் நடக்கும் ஆக்ஸிஜனேற்றமும் சேர்ந்து படுகையின் நடுவில் சூட்டைக் கூட்டிவிடும். படுகையை ஈரமாக வைப்பதும், வெளிவரும் காற்றில் கார்பன் மோனாக்சைடு ஏறுகிறதா என்று கண்காணிப்பதும் அங்கே வழக்கம்.

காங்கேயத்துப் புகை

கடைசியாகக் கரியின் பிறந்த வீட்டுக் கணக்கு. தொட்டியைத் திறந்த குழியில் சுடும்போது அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு புகையாகவும் ஆவியாகவும் தாராகவும் போய்விடுகிறது. அதில் ஃபீனால்கள், அசிட்டிக் அமிலம், கார்பன் மோனாக்சைடு எல்லாம் உண்டு. முதல் இரண்டும் நாம் சென்னையில் பிடிக்க நினைக்கும் அதே குடும்பம். சூடான கரியை அணைக்க ஊற்றும் தண்ணீர் தாரைச் சுமந்துகொண்டு மண்ணுக்குள் இறங்குகிறது. காங்கேயம் சுற்றுவட்டார ஊர்களில் கிணற்று நீர் நிறம் மாறியது என்றும், தென்னையும் கறவையும் பாதிக்கப்படுகின்றன என்றும் மக்கள் போராடியிருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்யப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவையில்லை. மூடிய உலையில் தொட்டியைக் கரியாக்கி, வெளிவரும் ஆவியை அங்கேயே எரித்தால் அதன் வெப்பத்திலேயே கொதிகலனை ஓட்டி, கிளர்வூட்டத் தேவையான நீராவியை எடுத்துவிடலாம். தனியே எரிபொருள் வாங்கும் செலவும் குறையும். இப்படிச் செய்யும் ஆலைகள் இயங்குகின்றன. குழியில் சுடுவது முதலீடு கம்மி என்பதால் இன்னும் தொடர்கிறது. மிச்சமாகும் அந்தச் செலவை ஊர்க்கிணறு ஏற்கிறது.

ஆகவே ஒரு கரி நல்லதா என்று கேட்கும்போது, ஒரு கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர் என்பது கடைசிக் கேள்வியாகத்தான் இருக்க முடியும். எந்த ஆவிக்காகச் செய்தது, 70 விழுக்காடு ஈரத்தில் சோதித்ததா, எத்தனை கிராம் இருக்கிறது, நிரம்பியபின் எங்கே போகும், எந்த உலையிலிருந்து வந்தது என்று முதலில் கேட்க வேண்டும். வடிகட்டி விற்கும் அட்டைப்பெட்டிகளில் இந்த ஐந்துக்கும் பதில் அச்சிடச் சொல்லி விதி கொண்டுவந்தால், பாதிக் கருப்புத் தாள்கள் கடையிலிருந்து தாமாகவே மறைந்துவிடும்.